ஒரு பட்டம், நான்கு துறைகள்: மேற்குச் சென்னைப் புறநகரில் அறிவியல் ஆசிரியரின் பாட அறிவும் மாணவர் கற்றலும்

1. சிக்கல்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நம் பள்ளிக் கால அட்டவணையில் ‘அறிவியல்’ ஒரே பாடம். அதை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். அவர் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நான்கில் ஏதேனும் ஒன்றைப் படித்துப் பட்டம் பெற்றவர். அவர் கையில் இருக்கும் பாடநூலோ நான்கையும் கேட்கிறது. அறிவியலுக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் உள்ள பெரிய பள்ளிகளில் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடியும். ஒரே ஒருவர் இருக்கும் பள்ளியில் அந்த வழியும் இல்லை.

ஆசிரியர் பயிற்சி மாணவர் கற்றலை உயர்த்துமா என்று பொதுவாகக் கேட்டால் ‘ஆம்’ என்ற பொதுவான விடையே கிடைக்கும். அதனால் பயன் குறைவு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளை மனத்தில் வைத்து, இக்கட்டுரை குறுகலான கேள்வி ஒன்றைக் கேட்கிறது: ஆசிரியர் தாம் பட்டம் பெறாத துறையைக் கற்பிக்கும்போது மாணவரின் புரிதலுக்கு என்ன நேர்கிறது? அந்த இடைவெளியை எந்த வகைப் பயிற்சி அடைக்கும்?

2. பட்டம் எதை மூடுகிறது, எதை விடுகிறது

2019இல் வெளியான பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 23 அலகுகள். இயக்க விதிகளில் தொடங்கி அணுக்கரு இயற்பியல் வரை முதல் ஆறு இயற்பியல். அடுத்த ஐந்து வேதியியல். அதன்பின் பதினொன்று உயிரியல். கடைசி அலகு கணினி சார்ந்த காட்சித் தொடர்பு. இயற்பியல் பட்டதாரிக்குச் சொந்தத் துறை என்று சொல்லத்தக்கவை 23இல் ஆறு. ஏறக்குறைய முக்கால் நூல் அவருக்கு அயல்நிலம்.

அந்த அயல்நிலத்தில் அவர் கடைசியாக எப்போது கால் வைத்தார் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்ற பிரிவை எடுத்து, கல்லூரியில் இயற்பியல் முதன்மைப் பாடமும் கணிதம், வேதியியல் துணைப்பாடங்களும் படித்தவர் உயிரியலைக் கடைசியாகத் தொட்டது தம் பத்தாம் வகுப்பில். அதே பத்தாம் வகுப்புக்குத்தான் அவர் இப்போது மரபியலும் தாவரச் செயலியலும் நடத்துகிறார். அதாவது தாம் மாணவராக ஏறி நின்ற படிக்கு மேல் ஒரு படிகூட ஏறாமல், அந்தப் படியிலேயே நின்று கைகொடுக்கிறார். மறுபக்கமும் அப்படித்தான். மேல்நிலையில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்து விலங்கியல் பட்டம் பெற்றவருக்கு இயற்பியல் மேல்நிலையோடு முடிந்தது, கணிதம் பத்தாம் வகுப்போடு முடிந்தது. அவர் கையில் ஒளியியலும் மின்னோட்டவியலும்.

கல்வியியல் படிப்பும் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. பி.எட்.டில் இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் இயற்பியல் அறிவியல் கற்பித்தலையும், தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் உயிரியல் அறிவியல் கற்பித்தலையும் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகளாக நீண்டது. ஆண்டு கூடியதே தவிர, கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தேர்வுகளையும் பார்ப்போம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சி, மொழி, ஆங்கிலம் ஆகியவை தலா 30. கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60. நான்கு அறிவியல் துறைகளுக்கும் அந்த அறுபதுக்குள்தான் இடம். தமிழகத்தில் 2012 ஜூலையில் முதன்முறை நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பதால் இது கடினமான தேர்வு என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்தக் கடினம் இந்த இடைவெளியை அளக்கவில்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான போட்டித் தேர்வோ தேர்வரின் சொந்தத் துறையிலேயே வினா கேட்கிறது. வேதியியலாருக்கு வேதியியல். பிறகு வகுப்பறையில் அவரிடம் கண்ணின் அமைப்பையும் கேட்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை (2009) ஆறு முதல் எட்டு வகுப்புக்கு அறிவியலும் கணிதமும் சேர்த்து ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்போரும் தகுதித் தேர்வு தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பாக்கியுள்ளவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம். ஆசிரியர் அறைகளில் இன்று பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் தேர்வில் தேறுவதும் தம் துறைக்கு வெளியே உள்ள பாடத்தைத் தெளிவாக அறிவதும் வேறு வேறு.

மேல்நிலை வகுப்புகளில் இச்சிக்கல் இல்லை. இயற்பியலுக்கு இயற்பியல் முதுகலை ஆசிரியர், தாவரவியலுக்குத் தாவரவியல் ஆசிரியர். அடித்தளம் போடும் ஐந்து ஆண்டுகளுக்கு இல்லாத பொருத்தம் மேல்தளத்துக்கு இருக்கிறது.

3. ஆய்வுகள் சொல்வது

1986இல் லீ ஷுல்மன் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். பாடத்தை அறிவது ஒன்று, கற்பிக்கும் முறையை அறிவது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக, குறிப்பிட்ட பாடப்பொருளைக் குறிப்பிட்ட வயதுப் பிள்ளை எங்கே தவறாகப் பிடித்துக்கொள்ளும், எந்த எடுத்துக்காட்டு அதை அவிழ்க்கும் என்ற அறிவு ஒன்று உண்டு. அனுபவமுள்ள நல்ல ஆசிரியர்களிடம் நாம் காண்பது இந்த மூன்றாவதைத்தான்.

கல்லூரியில் எத்தனை பாடத்தாள் படித்தார் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை டேவிட் மங்க் 1994இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார். கணிதத்தில் முதல் ஐந்து தாள்கள் வரை பலன் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் அது மெலிந்தது. அறிவியலில் முடிவுகள் துறைக்குத் துறை மாறின. பாடம் சார்ந்த கற்பித்தல் முறைத் தாள்களுக்கும் பலன் இருந்தது.

நமக்கு மிக நெருக்கமானது பிலிப் சாட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. நடுநிலை வகுப்புகளில் இயற்பியல் சார்ந்த அறிவியலைக் கற்பித்த 181 ஆசிரியர்கள், அவர்களிடம் படித்த 9,556 மாணவர்கள். ஒரே வினாத்தாளை ஆசிரியரும் எழுதினார், மாணவரும் எழுதினார். ஆசிரியரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: இந்த வினாவுக்கு உங்கள் மாணவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது? பரவலான தவறான கருத்து ஏதும் இல்லாத வினாக்களில், ஆசிரியருக்குச் சரியான விடை தெரிந்திருந்தாலே மாணவர் முன்னேறினர். ஆழமான தவறான கருத்து பதுங்கியிருந்த வினாக்களில் அது போதவில்லை. பிள்ளை எங்கே தவறும் என்பதையும் அறிந்த ஆசிரியரிடம்தான் முன்னேற்றம் கூடியது. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளிடம் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜோன் ஹெல்லர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு மின்சுற்று என்ற ஒரே பாடப்பொருளை எடுத்துக்கொண்டது. 270க்கும் மேற்பட்ட தொடக்க வகுப்பு ஆசிரியர்கள், சுமார் 7,000 மாணவர்கள். பயிற்சியின் அறிவியல் உள்ளடக்கம் ஒன்று. அதோடு சேர்ந்து வந்த பகுதி மூன்று வகை. மூன்றிலும் ஆசிரியர், மாணவர் இருவரின் மதிப்பெண்ணும் உயர்ந்தன, ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. ஆனால் மாணவர் தம் விடைக்கு எழுதிய காரணம் தெளிவடைந்தது, வகுப்பறை நிகழ்வுகளையோ மாணவரின் எழுத்துகளையோ ஆசிரியர்கள் கூடி அலசிய பயிற்சிகளில்தான்.

தமிழகத்துக்கென்று ஒரு பன்னாட்டு அளவீடு உண்டு. 2009 பீசா தேர்வின் கூடுதல் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. நம் 15 வயதினரின் அறிவியல் சராசரி 348. ஓ.ஈ.சி.டி. நாடுகளின் சராசரி 501. அடிப்படைத் திறன் நிலையை எட்டியவர் நம்மிடையே நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். அதன்பின் பாடத்திட்டம் 2018இல் புதுப்பிக்கப்பட்டது, நூல்கள் நிச்சயமாக மேம்பட்டிருக்கின்றன. இந்தப் புள்ளிவிவரத்தை இன்றைய நிலையின் படமாகக் காட்டுவது சரியல்ல. சமன்பாட்டை ஒப்பிப்பதையும் அறிவியலைப் பயன்படுத்துவதையும் நாம் எவ்வளவு தூரம் பிரித்து வைத்திருந்தோம் என்பதற்கு மட்டும் அது சான்று.

4. சொல்லுக்குள் இருக்கும் தவறு

மேற்சொன்ன ஆய்வுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. நம் பிள்ளைகளின் தவறான கருத்துகளில் பல, தமிழில் நாம் அன்றாடம் பேசும் பேச்சிலிருந்து பிறக்கின்றன. அவற்றுக்கு வேறு நாட்டுப் பட்டியல் உதவாது.

அம்பத்தூரில் வாடகை வீட்டில் வளரும் பிள்ளைக்கு ‘கரண்ட்’ என்றால் என்ன? வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். ‘ஃபேனை நிறுத்து, கரண்ட் வீணாகுது’ என்கிறார் அம்மா. ‘ஏசி நிறைய கரண்ட் இழுக்கும்’ என்கிறார் அப்பா. கரண்ட் செலவாகிறது, இழுக்கப்படுகிறது, தீர்ந்துபோகிறது. இந்தப் பேச்சோடு வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் தொடரிணைப்பில் உள்ள ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைக் காட்டி எது பிரகாசமாக எரியும் என்று கேட்டால், ‘முதல் பல்பு’ என்று சொல்லும். முதல் பல்பு கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அதன் கணக்கு. மின்னோட்டம் சுற்று முழுதும் ஒரே அளவு, செலவாவது ஆற்றல், யூனிட் என்பது ஆற்றலின் அளவு, ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்ற தொடர்ச்சியை ஆசிரியர் கட்டிக்கொடுக்க வேண்டும். விலங்கியல் பட்டதாரி ஓமின் விதியைத் தவறில்லாமல் எழுதிவிடுவார், கணக்கையும் போட்டுவிடுவார். கரண்ட் செலவாகிறது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் அசையாமல் இருப்பதைக் கவனிக்கத்தான் அவருக்குப் பயிற்சி இல்லை. தமக்குள்ளேயே அந்த எண்ணம் இருக்கவும் கூடும். அது அவர் குற்றமில்லை. அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இன்னொரு சொல்: அணு. இயற்பியல் பகுதியில் அணு என்பது தனிமத்தின் மிகச் சிறிய துகள். சில பக்கங்கள் தள்ளி உயிரியலில் இரத்தச் சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு. ஒரு சிவப்பணுவுக்குள் கோடிக்கணக்கான ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான அணுக்கள். பெயரிலோ இரண்டும் அணு. ‘கரு’வும் அப்படியே: அணுவுக்கு அணுக்கரு, செல்லுக்கு உட்கரு, தாய் வயிற்றில் கரு. இயற்பியல் ஆசிரியர் தம் கருவை மட்டும் பார்க்கிறார், உயிரியல் ஆசிரியர் தம் கருவை. பிள்ளையின் நோட்டில் மூன்றும் ஒன்றாகக் குழம்புகின்றன. இந்தக் குழப்பம் கண்ணில் பட, இரண்டு துறையிலும் காலூன்றி நிற்பவர் வேண்டும். என் பார்வையில், துறை தாண்டிய பயிற்சிக்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

சுவாசம் மூன்றாவது. மூச்சு விடுவதையும் செல்லுக்குள் குளுக்கோஸ் சிதைந்து ஆற்றல் வெளிப்படுவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அதனால் ‘செடி இரவில்தான் சுவாசிக்கும்’ என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது. உரத்தைச் செடிக்குச் சாப்பாடு என்கிறோம். ஒளிச்சேர்க்கையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் மரத்தின் எடை மண்ணிலிருந்து வந்தது என்றே நினைக்கிறது. 1648இல் அச்சேறிய வான் ஹெல்மான்ட்டின் சோதனையை வகுப்பில் சொன்னால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்: தொட்டியில் வளர்ந்த வில்லோ மரம் ஐந்தாண்டில் 164 பவுண்டு கூடியது, மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவுதான். ஆனால் ‘எல்லாம் தண்ணீர்’ என்று அவர் எடுத்த முடிவு ஏன் தவறு என்பதை விளக்க கார்பன் டை ஆக்சைடின் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். தாவரவியல் பாடம் அந்த இடத்தில் வேதியியலைக் கேட்கிறது.

நிறை-எடை, வெப்பம்-வெப்பநிலை, ஆற்றல்-திறன் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ஆங்கில வழிப் பிரிவுகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. பிள்ளை வீட்டில் ‘எடை’ என்று சொல்வது நூலில் ‘மாஸ்’ ஆகவும் ‘வெயிட்’ ஆகவும் பிரிந்து நிற்கிறது, இணைத்துக் காட்ட ஆள் வேண்டும்.

5. இந்த வட்டாரம் தரும் சான்றுப்பொருள்

துறை அறிவு உள்ள ஆசிரியர் சுற்றுப்புறத்தைப் பாடமாக்குவார். அது இல்லாதவர் நூலை விட்டு நகர அஞ்சுவார், ஏனென்றால் நூலுக்கு வெளியே வரும் கேள்விக்கு விடை கையில் இல்லை. இந்த அச்சம் வகுப்பறையை எவ்வளவு வறண்டுபோகச் செய்கிறது என்பதை, இவ்வட்டாரம் என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்று பார்த்தால் உணரலாம்.

பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இந்த எண்ணைக் கேட்காத வீடு இல்லை. மழைக்காலத்தில் ஏரியின் மட்டம் நாள்தோறும் செய்தியில் வருகிறது. 24 அடி என்பது 7.3 மீட்டர். மதகின் அடியில் நீரழுத்தம் சுமார் 71,500 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஏரி எவ்வளவு அகலம் என்பது இக்கணக்கில் வரவே இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய பாடம் நிறைவேறிவிட்டது. அந்தக் கேள்வியைத் தூண்டவும், வந்தபின் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்ளவும் துறை அறிவு வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தந்தை வெள்ளையாகப் பால்போல் இருக்கும் கூலன்ட்டைத் தண்ணீரில் ‘கரைத்து’ ஊற்றுகிறார். அதன் வணிகப் பெயரிலேயே கரையும் எண்ணெய் என்றுதான் இருக்கும். உண்மையில் அது கரைசல் அன்று, பால்மம்: எண்ணெய்த் துளிகள் நீரில் பரவி நிற்கின்றன, ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை. பத்தாம் வகுப்பின் ‘கரைசல்கள்’ அலகை இதிலிருந்து தொடங்கலாம். பிளேட்டிங் பட்டறை மின்னாற்பகுப்புக்கு உதவும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து பீரங்கி வண்டி கட்டுகிறது. அந்த வண்டிக்குச் சக்கரம் போதாமல் அகன்ற சங்கிலிப் பட்டை ஏன் என்பது அழுத்தம்-பரப்பு பாடம். பருத்திப்பட்டு ஏரியும் கொரட்டூர் ஏரியும் உயிரியலாருக்குக் காத்திருக்கின்றன. அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே இருக்கிறது. ‘உடல்நலமும் நோய்களும்’ அலகை நடத்தும் எத்தனை பேர் அதை நினைவூட்டுகிறார்கள்?

6. பணியிடைப் பயிற்சி: வந்தவையும் விடுபட்டதும்

ஆசிரியர் பயிற்சியில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. சைதாப்பேட்டைக் கல்வியியல் கல்லூரியின் வேர் 1856இல் தொடங்குகிறது. இந்த நூற்றாண்டில் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது, நடுநிலைக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. பின்னதில் ஆசிரியர்கள் மனவரைபடம் போடவும் குழுவாகப் படிக்க வைக்கவும் பழகினார்கள். முறை எல்லாப் பாடத்துக்கும் ஒன்றே. மின்சுற்றுக்கும் முகலாயர் ஆட்சிக்கும் அதே மனவரைபடம். குழு கூடிப் பேசும். பேச்சில் தவறான கருத்து எழுந்தால் அதை இனம்காணும் அறிவை அந்தப் பயிற்சி தரவில்லை. முறைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாடப்பொருளிலிருந்து பிரித்த முறைக்கு எல்லை குறுகல் என்கிறேன்.

2022 நவம்பர் 28 அன்று திருச்சி மாவட்டத்தில் தொடங்கிய வானவில் மன்றம் வேறு திசையில் போனது. 13,210 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து எளிய பொருள்களால் சோதனை செய்துகாட்டும் திட்டம். 1980இல் பிறந்து ‘துளிர்’ இதழை நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் அனுபவம் இதன் பின்னால் உண்டு. பிள்ளைகள் மகிழ்கிறார்கள், அதுவே பெரிது. ஆனால் கருத்தாளர் போனபின் வகுப்பில் நிற்பவர் அதே ஆசிரியர். சோதனையின்போது அவர் பார்வையாளராக ஓரத்தில் நின்றால், மன்றத்தின் பலன் அந்த ஒரு மணி நேரத்தோடு முடியும்.

இங்கே மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் திட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்து, 1982 முதல் ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் 2002 வரை நடந்தது. பல்கலைக்கழக அறிஞர்களோடு கிராமத்து ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மூன்று வாரம் அமர்ந்து, பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்தார்கள். ஓராண்டோடு விடவில்லை, அடுத்தடுத்த வகுப்புக்கென மூன்று கோடைகள். பள்ளி நடக்கும் மாதங்களில் மாதக் கூட்டம். வகுப்பில் சிக்கியதை அங்கே கொண்டுவருவார்கள். அத்திட்டம் நிறுத்தப்பட்டது இந்தியக் கல்விக்குப் பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். அதன் சோதனைகளைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். மாதக் கூட்டத்தை எடுத்துக்கொண்டவர் குறைவு.

7. அளந்து பார்க்க ஒரு வழி

இவ்வளவும் வாதம். சான்று வேண்டாமா? மெட்ஸ்லரும் வோஸ்மனும் 2012இல் பெரு நாட்டுத் தரவில் செய்த ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. ஒரே ஆசிரியர் ஒரே மாணவருக்குக் கணிதமும் மொழியும் நடத்துகிறார். எதில் ஆசிரியர் வலுவோ அதில் மாணவரும் வலுவா என்று பார்த்தார்கள். பள்ளி வசதி, குடும்ப வருமானம், ஆசிரியரின் ஊக்கம் எல்லாம் இரு பாடத்துக்கும் பொது. ஆகவே அவை கழிந்துபோகின்றன. கணிதத்தில் ஆசிரியரின் பாட அறிவுக்குத் தெளிவான பலன் தெரிந்தது.

நம் பட்டதாரி ஆசிரியர் அதே அமைப்பில்தான் இருக்கிறார். ஒருவரே ஒரே வகுப்புக்கு இயற்பியல் அலகும் உயிரியல் அலகும் நடத்துகிறார். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்கள் பள்ளியிலேயே திருத்தப்படுகின்றன. மொத்த மதிப்பெண்ணோடு வினாவாரி மதிப்பெண்ணையும் குறித்துவைத்தால் போதும். இயற்பியல் பட்டதாரியின் வகுப்பிலும் விலங்கியல் பட்டதாரியின் வகுப்பிலும் இயற்பியல்-உயிரியல் மதிப்பெண் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடலாம். அலகுகளின் இயல்பான கடினம் இருசாராருக்கும் ஒன்று என்பதால் அதுவும் கழிந்துவிடும். தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைத் தனியே பிரிக்க வேண்டும்; இப்புறநகரில் அவர்கள் அதிகம். ஒப்பித்து எழுதும் வினாவையும் காரணம் கேட்கும் வினாவையும் பிரித்து எண்ண வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடம் இடைவெளியை மூடி மறைத்துவிடும். ஆசிரியரின் பெயர் எங்கும் வரக்கூடாது. இது யாரையும் தரம்பிரிக்கும் பட்டியலாக மாறினால், அடுத்த ஆண்டு உண்மையான எண் ஒன்றுகூடக் கிடைக்காது.

8. முதல் கூட்டம்

பயிற்சிக்குப் பெரிய அரங்கும் திரையும் வேண்டியதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் நடந்தோ பேருந்திலோ அரை மணிக்குள் சேரக்கூடிய பள்ளிகள் பல. நான்கு துறைப் பட்டதாரிகளும் கலந்த பத்துப் பன்னிரண்டு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை, பணி நேரமாகவே கணக்கிடப்பட்டு. ஒவ்வொரு மாதமும் அடுத்து நடத்தவிருக்கும் ஓர் அலகு. அந்தத் துறையைப் படித்தவர் விளக்குபவர், படிக்காதவர் கேட்பவர். அடுத்த மாதம் இடம் மாறும். விரிவுரையாளரை வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை. பட்டங்களைச் சேர்த்து எண்ணினால், அந்தப் பத்துப் பேருக்குள்ளேயே முழு அறிவியலும் இருக்கிறது.

மின்னோட்டவியலில் தொடங்கலாம். மேசைமேல் இரண்டு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி, கொஞ்சம் ஒயர், ஓர் அம்மீட்டர். பக்கத்தில், பெயர் மறைத்த பத்து மாணவர் விடைத்தாள்கள். சுற்றை இணைக்கும் முன் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டியது இரண்டு வரி: எந்தப் பல்பு பிரகாசமாக எரியும், என் வகுப்பில் பெரும்பாலோர் என்ன சொல்வார்கள். அதன்பின் விலங்கியல் படித்தவர் எழுந்து, பல்புகளைத் தம் கையால் இணைக்கட்டும்.